ராமையாவின் பிளாஸ்டிக் பை

சதாசிவம் ராமையாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தட்டிலிருந்த லட்டையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் வெக்கப்படுங்கலா!"

"வெக்கப்பட்டா லட்டு போயிடும் தம்பி" என்று பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புந்தோங் மண்டபத்தில் நடந்தது இனிப்புநீர் நோய் ஆராய்ச்சிக்கு மானியம் கேட்கும் திட்டக் கூட்டம். பழைய தோட்டத்து ஆட்கள் தினமும் நடந்தால் ரத்தத்தில் சீனி குறையுமா என்பதுதான் ஆராய்ச்சி. கூட்டம் என்றால் பலகாரம் இல்லாமலா? லட்டு, கேசரி, மைசூர்பாகு. ஒவ்வொரு கூட்டத்திலும் மிச்சத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது தலைவர் சதாசிவத்தின் வழக்கம். ராமையா குழுவில் சேர்ந்ததும் அதில் மண் விழுந்தது.

"முதல்ல நீங்க நடந்து காட்டுங்க அங்கிள். அதை வெச்சு மானியம் கேட்கலாம்" என்றாள் ஆராய்ச்சியை நடத்தும் பல்கலைக்கழகத்து டாக்டர் ஷர்மினி, சதாசிவத்திடம்.

சதாசிவத்துக்கும் சீனி குறைந்தாக வேண்டும். குறைந்தால்தான் கண் ஆபரேஷன். ஆனால் அவர் நடந்ததெல்லாம் வீட்டு வாசலிலிருந்து மகன் கார் வரைக்கும்தான்.

அப்படியும் சீனி குறைந்தது!

"பார்த்தீங்களா, நடையோட மகிமை!" என்று ஷர்மினி குதித்தாள். சதாசிவம் அடக்கமாகத் தலையாட்டினார்.

அந்த லட்டு நாளுக்கு மறுநாள் ராமையா மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு பலகாரம் பழையபடி சதாசிவத்தின் வீட்டுக்கே வந்தது. சீனி ஏறியது. ஆபரேஷன் தள்ளிப்போனது.

"நடையை நிறுத்திட்டீங்களா அங்கிள்?"

"ராமையா போன துக்கம்மா..."

ராமையா வீட்டுக் கருமாதிக்குப் போன சதாசிவம், வேலியோரம் மங்கலாக எதையோ பார்த்தார்.

"எப்பக்கா வான்கோழி வாங்குனீங்க?"

"வான்கோழியா? கோழிதான் தம்பி, கொழுத்துக் கெடக்குதுங்க!" என்றாள் ராமையாவின் மனைவி இருளாயி. "கூட்டத்து லட்டை எல்லாம் இதுங்களுக்குத்தானே கொட்டுவாரு."

"அவர் சாப்பிடலையா?"

"அவருக்கு இனிப்பே பிடிக்காது. 'சதாசிவத்துக்குக் கண் ஆபரேஷன் முடியணும். சொன்னா கேக்க மாட்டான், பிடுங்கிட்டுத்தான் வரணும்'னு சொல்வாரு. நீங்க திட்டுனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

சதாசிவம் ஷர்மினியைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நடந்ததால சீனி குறைஞ்சதுன்னு எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன். மானிய மனுவை நாளைக்கு அனுப்பணும்."

"அழிச்சிடு. நான் நடக்கவே இல்ல."

"ஐயோ அங்கிள்! அப்ப எதனால குறைஞ்சது?"

"ராமையாவாலன்னு எழுது."

வேலியோரம் கோழிகள் நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன.