கண்ணாடிக்காரன் ஒத்துக்கொண்டது

"திருடனோட எதிரும் புதிருமா உட்கார்ந்து பேசணுமா? நானா? முதல்ல அவன் முதுகுத் தோலை உரிக்கச் சொல்லுங்க, அப்புறம் வர்றேன்!"

கணவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதுவும் அந்தத் திருடன் மாட்டிய கண்ணாடி.

ஆமாம், ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவதுதான் அவன் தொழில். பட்டப்பகலில் வந்தான். கீறல் விழாமல் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே போய் எடுக்க வேண்டியதை எடுத்தான். வெளியே வந்து கண்ணாடியைப் பழையபடி மாட்டி, கைரேகை தெரியக் கூடாதென்று பளபளவென்று துடைத்தும் விட்டுப் போனான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஜன்னல் அப்படி மின்னியதே இல்லை என்று மனைவியே சொன்னாள்.

பிடிபட்டதும் கோர்ட்டில் ஒரு வழி சொன்னார்கள். திருடியவனும் பறிகொடுத்தவர்களும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். செய்ததை அவன் வாயாலேயே சொல்லி, பொருளைத் திருப்பிக் கொடுத்து, பள்ளிக்கூடங்களுக்கு ஆறு மாதம் சும்மா கண்ணாடி மாட்டித் தந்தால் ஜெயில் கிடையாது.

"எனக்கு ஜெயில்தான் வேணும்," என்றார் கணவர்.

"எனக்கு என் போன் வேணும்," என்றாள் மனைவி. "லேப்டாப் வந்துடுச்சு, வாட்ச் வந்துடுச்சு. அந்தப் பழைய போன் மட்டும் எங்கேன்னு அவன்கிட்டதான் கேக்கணும். நான் போறேன். நீங்க வராட்டி வீட்டுல உட்கார்ந்து கத்துங்க."

போன வருஷம் போய்ச் சேர்ந்த அவள் அம்மாவின் குரல் அந்தப் போனில்தான் இருந்தது. 'சாப்பிட்டியாடி? போன் பண்ணா எடுக்கக் கூடாதுன்னு ஏதாவது சபதமா?' என்று அம்மா பேசிப் பேசி அனுப்பியதெல்லாம்.

தனியாக விடுவாரா? முனகிக்கொண்டே கணவரும் கிளம்பினார்.

பேசச் சொன்ன இடம் கோர்ட்டில் மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஏறி முடிப்பதற்குள் அரசாங்கத்தின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்திருந்தார். உள்ளே நாலு நாற்காலியை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆடுகிற நாற்காலி அவருக்கு வாய்த்தது.

"இதென்ன விசாரணையா, மியூசிக்கல் சேரா?"

"சார், இங்க ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது," என்றார் பேச்சை நடத்திவைக்க உட்கார்ந்திருந்த நடுவர் அம்மா.

"நான் எங்கேம்மா பேசினேன்? இந்த நாற்காலி பேசுது."

கண்ணாடிக்காரன் எழுந்து நின்றான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான்.

"நாலு மாசமா வேலை இல்ல. அத சாக்கா சொல்ல வரல. ஜன்னலைக் கழட்டினேன், லேப்டாப்பும் வாட்ச்சும் எடுத்தேன். இனிமே இந்த வீட்டுல இருக்கறவங்க ஜன்னலைப் பார்த்தாலே பயப்படுவாங்களேன்னு அப்ப தோணல. தப்புதான்."

"ஆகா, என்னமா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்! போதும்மா, ஜெயிலுக்கு அனுப்புங்க. நாங்க கிளம்பறோம்."

"கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்று மனைவி அவரை அடக்கிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்தப் போனை என்னப்பா பண்ணே? நான் திட்ட மாட்டேன். வித்துட்டியா? யார்கிட்டன்னு சொல்லு போதும், நானே போய் கெஞ்சி வாங்கிக்கிறேன். அதுல எங்க அம்மா பேசறாங்க."

"போனாம்மா?"

அவளைப் பார்த்தான். கணவரைப் பார்த்தான். கணவர் தன் சட்டைப் பொத்தானை அவசரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யோசிச்சு சொல்லுங்க," என்றார் நடுவர் அம்மா. "திருப்பித் தர முடியாத பொருள் ஏதாவது இருந்தா உங்க ஆறு மாசம் ஒரு வருஷமாயிடும்."

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நான்தாம்மா எடுத்தேன். மாட்டிக்குவோமேன்னு பயந்து, பாலத்து மேலருந்து ஆத்துல வீசிட்டேன். மன்னிச்சிடுங்க."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உண்மையைச் சொன்னியே, அது போதும்பா. இல்லேன்னு சொல்லியிருந்தா ஆயுசுக்கும் தேடிக்கிட்டே இருந்திருப்பேன்."

நடுவர் அம்மா பேனாவை எடுத்தார். "அப்போ ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா?" கணவர் துள்ளி எழுந்தார். "எதுக்கும்மா? பாவம், ஆறு மாசமே அதிகம்!"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். நடுவர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கல்லு மாதிரி வந்தீங்க, எப்படிக் கரைஞ்சிட்டீங்க பாருங்க. இதுக்குத்தான் சார் நாற்காலிய வட்டமா போடறோம்."

"பரவால்லம்மா, ஒரு வருஷமே எழுதுங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான் கண்ணாடிக்காரன்.

மனைவி முகம் கழுவப் போனாள். கணவர் பாய்ந்து போய் மாடிப்படியில் அவனை மடக்கினார்.

"யோவ், உனக்கென்ன கிறுக்கா? எடுக்காத போனை எடுத்தேன்னு எதுக்குய்யா சொன்னே?"

அவன் ஒரு படி கீழே இறங்கித் திரும்பினான்.

"ஆபீஸ்ல பழைய ஃபைலை அழிக்கிறதுதான்யா எனக்கு வேலை. அதே கையோட, இடத்தை அடைக்குதுன்னு அவ போன்ல இருந்ததையும் அழிச்சுத் தொலைச்சிட்டேன். போனை எங்கேயோ கடாசிட்டு என்ன சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். மறுநாளே நீ வந்து சேர்ந்தே. உன் தலையில கட்டிட்டேன். நீ ஏன்யா சுமக்கறே?"

"என் தப்பை என் வாயால சொன்னாத்தான் மன்னிப்புன்னு இங்க சொன்னாங்க சார். நான் எடுக்கலன்னு சொன்னா உங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். உங்க தப்பை நான் சொன்னா அது வெறும் கோள். எனக்குத்தான் ஒரு வருஷம் போட்டிருக்காங்களே, அதுக்குள்ள நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."