இன்னிக்கும் மீன் கிடையாது

"இன்னிக்கும் மீன் கிடையாதும்மா."

ஸ்மரந்தா அம்மா ஜாம் பாட்டிலில் கொண்டுவந்த தொட்டித் தண்ணீரில் நாலு சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் காட்டினேன். கத்தரிப்பூ நிறம்.

"பாருங்க, விஷம் இன்னும் இருக்கு. இதுல மீனை விட்டா பொழுது சாயறதுக்குள்ள மல்லாந்துடும்."

"ஒண்ணே ஒண்ணு கொடுங்க, திபேரியு சார். அந்த ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்டது. எங்க வீட்டுக்காரர் ஆசைப்படுறார்."

இந்த சிபியு ஊரில் கடல்மீன் விற்கிறவன் நான் ஒருத்தன்தான். கடல் எங்கேயோ இருக்கிறது, எங்களுக்குக் கடல் உப்பே பாக்கெட்டில்தான் வரும். கண்ணாடித் தொட்டி, மோட்டார், காய்ந்த கல் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் வாங்கிவிட்டு, மீனுக்கு மட்டும் என் கடைப் படி ஏறினால் எனக்கு எப்படி இருக்கும்?

"தொட்டி வித்தவங்க இதெல்லாம் சொல்லிக் கொடுக்கலையா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்தம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவர் முப்பது வருஷம் கப்பல்ல சமையல் பண்ணினவர் சார். இப்ப படுத்த படுக்கை. டாக்டருங்களும் கையை விரிச்சுட்டாங்க. கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை கடல்மீனைப் பார்க்கணுமாம். கட்டிலுக்கு எதிர்லதான் தொட்டியை வெச்சிருக்கேன்."

"புரியுதும்மா. ஆனா இறால் துண்டு போட்டு ரெண்டு வாரந்தானே ஆச்சு? அது அழுகி விஷம் விடணும். அந்த விஷத்தைத் தின்ன, கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கல்லுல குடியேறணும். ஆறு வாரமாவது ஆகும். குறுக்கு வழியெல்லாம் கிடையாது."

தலையாட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாட்டிலோடு வந்து நின்றார்.

நாலாவது வாரம் முகமெல்லாம் சிரிப்பு.

"தொட்டி பூரா பழுப்பா என்னமோ படிஞ்சு அசிங்கமா இருந்துச்சு சார். கல்லையெல்லாம் வெளியில எடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்ச்சுட்டேன். இப்ப பளிச்சுன்னு இருக்கு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அடக் கடவுளே! உங்களை யாரும்மா தேய்க்கச் சொன்னது? புதுத் தொட்டின்னா அந்தப் பழுப்புப் பாசி வரத்தான் செய்யும். தானா வந்து தானா போயிடும். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு, கிருமி மொத்தமும் செத்துப் போச்சு! போங்க, மறுபடி இறால் துண்டுலேருந்து ஆரம்பிங்க!"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அந்தம்மா முகம் செத்துவிட்டது.

"காலையில கண்ணு முழிச்சா அவர் பார்க்கறது அந்தத் தொட்டியைத்தான். அழுக்கைப் பார்த்துக்கிட்டு கிடக்காரேன்னுதான் சார் தேய்ச்சேன். மறுபடி ஆறு வாரமா? அவ்வளவு நாள் தாங்குவாரா?"

"அதுக்காக மீனைக் கொல்ல முடியுமா? அதுவும் உயிர்தாம்மா."

நின்றிருந்தவர்கள் "சரிதானே" என்றார்கள். நறுக்கென்று சொல்லிவிட்டதாக எனக்கும் ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு அந்தம்மா மீன் கொடுங்கள் என்று கேட்கவே இல்லை. பாட்டிலை நீட்டுவார், நிறத்தைப் பார்ப்பார், போய்விடுவார். ஒருநாள் தானாகவே பேசினார்.

"இப்ப பச்சையா முடி முடியா முளைச்சிருக்கு சார். நான் கையே வைக்கலை. தொடாதேன்னு அவரே சொல்லிட்டார். தண்ணி ஓட்டத்துல அது அசையறது கடலுக்கடியில பார்த்த புல்லு மாதிரியே இருக்காம். மணிக்கணக்கா அதையே பார்த்துக்கிட்டு இருக்கார்."

"விளக்கைக் கொஞ்ச நேரம் மட்டும் போடுங்க, பாசி அடங்கிடும்," என்றேன். தண்ணீரில் நிறம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள்.

அடுத்த சனிக்கிழமைக்கு இருந்ததிலேயே நல்ல ஜோடியாகப் பிடித்துத் தனியாக வைத்திருந்தேன்.

அந்தம்மா கறுப்பு முக்காட்டோடு வந்தார். ஒரு கையில் மூடி போட்ட வாளி. இன்னொரு கையில் கிண்ணம், அதில் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை. இறந்தவர் பேரைச் சொல்லிக் கொடுப்பது அது. நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை காலையில," என்றார்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்," என்று வழக்கப்படி சொல்லி வாங்கிக்கொண்டேன். மீன் இருந்த பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

வாளிக்குள் உப்புத் தண்ணீரும், பச்சை படிந்த கற்களும். கை பழக்கத்தில் ஒரு குப்பி மொண்டு மருந்து விட்டேன். நிறமே வரவில்லை. தொட்டி தயாராகிவிட்டது. நாலே நாள்தான் பிந்திவிட்டது.

"இந்தக் கல்லை நீங்க வெச்சுக்குங்க சார். அடக்கத்துக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் மீன் வளர்க்கிறாராம், அவர் சொன்னார். இப்படி ஊறின கல்லு ஒண்ணைப் புதுத் தொட்டியில போட்டா, ஒரே வாரத்துல மீன் விடலாமாமே? என்னை மாதிரி அவசரத்துல யாராவது வருவாங்க. அவங்களுக்குச் சும்மாவே கொடுத்துடுங்க."

என் முகத்தைப் பார்த்து அந்தம்மா என்ன நினைத்தாரோ, என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீங்க ஏன் சார் மனசைப் போட்டு உழப்பிக்கிறீங்க? அன்னிக்கு உங்ககிட்ட ஒரு கல்லு இருந்திருந்தா கொடுக்காமலா இருந்திருப்பீங்க?"

அவர் போனதும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அங்கே என் பெரிய தொட்டியில், மூன்று வருஷமாக ஊறின கல் நாற்பதுக்கு மேல் கிடந்தது. அந்தம்மா முதல் தடவை பாட்டிலோடு வந்து நின்ற அன்றைக்கும் கிடந்தது.