சுழலும் குடுவை

“இன்னா வளரு, காலேஜுக்கு அனுப்பறேன் அனுப்பறேன்னு உன் பொண்ண சாராயம் காய்ச்சவா அனுப்பின?”

நாத்தனார் குஞ்சம்மாள் இப்படிக் கேட்டதும், பெற்றோர் தினத்துக்காக ஆய்வுக்கூடத்தில் கூடியிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வளர்மதிக்கு முகம் சுண்டிப்போனது. மகளின் பெருமையைக் காட்டத்தான் தொண்டூரிலிருந்து குஞ்சம்மாளையும் பஸ் ஏற்றி, செஞ்சிக்கு இழுத்து வந்திருந்தாள்.

மேசைமேல் உருண்டையான கண்ணாடிக் குடுவை ஒன்று, வெந்நீர்த் தொட்டியில் பாதி முங்கியபடி சாய்வாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே பச்சைப்பசேலென்று இலைச்சாறு.

மகள் மணிமொழி கோபப்படவில்லை.

“ஏறக்குறைய அதேதான் அத்தை. ஆனா அங்க சொட்டறதுதான் வேணும். எனக்குக் குடுவையில தங்கறதுதான் வேணும்.”

“வெளங்கற மாதிரி சொல்லுடி.”

“சீத்தா இலைய ஸ்பிரிட்டுல ஊற வெச்சேன். பூச்சிய விரட்டற சத்து அதுல இறங்கிடுச்சி. இப்ப ஸ்பிரிட்ட மட்டும் வெளிய எடுக்கணும். அடுப்புல வெச்சி கொதிக்க விட்டா சத்து கெட்டுடும். அதனால பம்பு வெச்சி உள்ள இருக்கற காத்த இழுக்கறோம். காத்து குறைஞ்சா, கை பொறுக்கற சூட்டுலயே ஸ்பிரிட்டு ஆவியாயிடும்.”

“அதுக்கு ஏன் ராட்டினம் மாதிரி சுத்துது?”

“சுத்தினா சாறு கண்ணாடி மேல மெல்லிசா பரவும். சீக்கிரம் ஆவியாகும். அந்த ஆவி மேல போயி, சில்லுனு தண்ணி ஓடற சுருள்ல பட்டு, மறுபடி ஸ்பிரிட்டாகி அந்தப் பக்கக் குடுவையில சொட்டும். அதை அடுத்த தடவைக்கு வெச்சிக்கலாம். ஒண்ணும் வீணில்ல.”

சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

“இந்த இலையெல்லாம் வேலியோரம் பறிச்சி, நிழல்ல காய வெச்சி, இடிச்சிக் குடுத்தது எங்கம்மா!”

இப்போது குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. வளர்மதி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

துறைத்தலைவர் சுந்தரமூர்த்தி தலையாட்டினார். “நல்லபடியா முடி மணிமொழி. சென்னைக் கருத்தரங்குக்கு உன்னைத்தான் அனுப்பலாம்னு இருக்கேன்.”

மணிமொழி அடுத்து வந்தவர்களுக்கு விளக்கத் திரும்பினாள்.

வளர்மதிக்குத்தான் நிம்மதி இல்லை. மெஷினிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து படுத்தாலும், எழுந்துபோய்த் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறவள் அவள். இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருத்தர் காதிலுமா விழவில்லை? சத்தம் நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. குடுவைக்குள் சாறு குபுகுபுவென்று நுரைத்து மேலே ஏறியது. கண்ணாடிச் சுருளையெல்லாம் பச்சையாக்கி, சுத்தமான ஸ்பிரிட் இருந்த குடுவையிலும் போய் வழிந்தது.

“என்ன பண்ணின?” என்று கத்தினார் சுந்தரமூர்த்தி.

மணிமொழி மெஷினைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“கவனிக்காம விட்டுட்டேன் சார். என் தப்புதான்.”

“இத்தனை பேர் முன்னாடியா? எல்லாத்தையும் கழுவி எடுத்து, மறுபடி முதல்லேர்ந்து சுத்த விடு. சென்னைக்கு அனு போகட்டும்.”

பஸ் நிறுத்தம் வரைக்கும் வளர்மதியின் வாய் ஓயவில்லை. வழியனுப்ப வந்த மணிமொழி தலைகுனிந்து நடந்தாள். கூடவே அவள் தோழி அனு.

“விடு வளரு,” என்றாள் குஞ்சம்மாள். “பொங்கினா நல்லதுதான். பொங்கலோ பொங்கல்னு கத்தியிருக்கலாம்!”

வளர்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்கண்ணி முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேடி! மெஷின் மேல கண்ணு வேணாம்? புஸ்ஸு புஸ்ஸுன்னு கேஸ் ஒழுகுது, அதுகூட உனக்குத் தெரியல. நான்தான் பார்த்து அந்தத் திருகைப் புடிச்சி மூடினேன். இல்லன்னா கட்டடமே வெடிச்சிருக்கும்!”

அனு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி... அதை நீங்களா மூடினீங்க?”

“அனு, சும்மா இரு,” என்றாள் மணிமொழி.

“அது கேஸ் இல்ல ஆன்ட்டி, வெறும் காத்து. பம்பு ஒரேயடியா இழுத்துடக் கூடாதுன்னு, கொஞ்சமா காத்து உள்ள போக நாங்கதான் திறந்து வெச்சிருந்தோம். அதை மூடினதாலதான் பொங்கிடுச்சி.”

வளர்மதி சட்டென்று திரும்பினாள். மகளைப் பார்த்தாள்.

“உனக்குத் தெரியுமாடி?”

“நீ மூடறதப் பார்த்தேம்மா. நான் வர்றதுக்குள்ள பொங்கிடுச்சி.”

“அப்ப சாருகிட்ட சொல்ல வேண்டியதுதானே? சென்னையே போச்சே!”

“காலையிலேர்ந்து ‘எங்கம்மா, எங்கம்மா’ன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிக்கிட்டிருந்தேன். அவங்க முன்னாடியே உன்னைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?”

தொண்டூர் பஸ் வந்து நின்றது. குஞ்சம்மாள் முண்டியடித்து ஏறி, ஜன்னல் வழியாகக் கை நீட்டினாள்.

“வளரு, சீட்டு புடிச்சிட்டேன். சீக்கிரம் ஏறு!”

வளர்மதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காலேஜ் பக்கம் திரும்பினாள்.

“நீங்க போங்க அண்ணி. என் பொண்ணு இன்னிக்கி ஒரு தப்பும் பண்ணல. ஒரே ஒரு பொய்தான் சொன்னா. அதை சாருகிட்ட சரிபண்ணிட்டு, அடுத்த பஸ்ல வர்றேன்.”