ஜம்புநாதனின் மகன்

“என் பையன் தினமும் குடிச்சுட்டு வரான்மா” என்றார் வெங்கடராமன். அவருக்குப் பையனே கிடையாது.

எதிரே இருந்த கோகிலவாணி ஒரு ஃபாரத்தை எடுத்தாள். கோவண்டி ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், மாடியில் இருந்த அந்தக் குடும்ப உதவி மையத்துக்கு அவள்தான் பொறுப்பு. தாராவிப் பெண், திருநெல்வேலித் தமிழ் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

“பேரு சொல்லுங்க சார்.”

“ஜம்புநாதன்.” வடாலாவில் வண்டி மாறும்போது யோசித்து வைத்த பெயர்.

உண்மையில் அவருக்கு இருப்பது ஒரே பெண், மானசா. அவள் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன் என்றதும் ஏழு காலேஜ்களை விசாரித்து, ஃபீஸ், தூரம், கேண்டீன் என்று கட்டம் போட்டு மார்க் கொடுத்தார். சம்பந்தம் பேசுகிறவர்கூட அவ்வளவு துருவியிருக்க மாட்டார். அவளோ அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக இருந்ததில் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது களப்பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் எங்காவது போய் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். மாட்டுங்காவில் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏசி போட்ட ஆஸ்பத்திரி ஒன்றை அவர் பார்த்து வைக்க, அவள் கோவண்டி என்றாள். இந்த மையமும் அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது.

“நீங்க வேண்டாம்னா போகலைப்பா” என்று சொன்னவள் நான்கு நாளாக அவரோடு பேசவில்லை. மகளின் கோபத்தை அவர் தாங்குவார், மௌனத்தைத் தாங்க மாட்டார். நாளைக்குள் காலேஜில் இடத்தைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் மனைவியிடம் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு, அத்தாட்சிக்கு ஒரு வாழைப்பூவும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேவு பார்க்க வந்திருந்தார்.

கோகிலவாணி ஜன்னல் வழியாகக் கீழே டீக்கடையைப் பார்த்து, “சாச்சா, தோ கட்டிங்! ஏக் ஃபீக்கா!” என்று குரல் கொடுத்தாள். வந்த இரண்டு அரை கிளாஸ் டீயில் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். சர்க்கரையே இல்லை, வீட்டில் குடிப்பது மாதிரியே இருந்தது. பரவாயில்லை, டீ தேறிவிட்டது என்று மனதுக்குள் ஒரு மார்க் போட்டார்.

“பையனுக்கு வயசு?”

“முப்பது.”

“எத்தன வருசமா குடிக்கான்?”

“இருபது... இல்லே, ரெண்டு.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பாவம், எதைச் சொன்னாலும் நம்புகிற பெண் என்று அவருக்குத் தோன்றியது.

மெல்ல விஷயத்துக்கு வந்தார். “இங்கே வேலை கத்துக்க வர பொண் கொழந்தைகள்லாம் சாயங்காலம் எப்போ கிளம்புவா?”

“அஞ்சரைக்கு. ஸ்டேஷன் வரைக்கும் எல்லாரும் சேந்துதான் போவாங்க.”

“பாத்ரூம் இருக்கோ?”

“இருக்கு சார். தாப்பாளும் இருக்கு.”

“என் பையனை மாதிரி எவனாவது குடிச்சுட்டு வந்து கத்தினா?”

“நான் எதுக்கு இருக்கேன்? அவனுக்கு மேல கத்துவேன்லா.”

குடிகாரப் பையனின் அப்பாவுக்குத் தாழ்ப்பாளைப் பற்றி என்ன கவலை என்று அவள் கேட்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். “உள்ளதச் சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன பயம்?”

வெங்கடராமன் காலி கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு தெருநாய் நொண்டினாக்கூட அன்னிக்கு அவளுக்குச் சாதம் எறங்காது. இங்கே வந்து ஊர் கஷ்டத்தையெல்லாம் கேட்டுண்டு ஆத்துக்கு வந்தா, தூங்குவாளோ மாட்டாளோ?” கிளாஸைக் கீழே வைத்தார். “அப்புறம்... இத்தனையும் பார்த்தவளுக்கு, என் முட்டிவலியும் அவ அம்மா புலம்பலும் ஒரு பொருட்டாத் தோணுமா? எங்களோட உக்காந்து பேசுவாளா?”

பையன் எப்போது ‘அவள்’ ஆனான் என்று அவருக்கே தெரியவில்லை. கோகிலவாணி அவர் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து மானசா வேலை கற்றுக்கொள்ளட்டும், ஆஸ்பத்திரி கிடக்கிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இவ்வளவு பொறுமையா கேக்கறதுக்கு எங்கேம்மா கத்துண்டே?”

“ஒரு பிள்ள சொல்லித் தந்துச்சு சார்.” அவள் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினாள். “பயிற்சிக்கு எடம் கேட்டு வார பிள்ளைங்ககிட்ட, இங்க வரக்கூடிய ஒரு ஆள நெனச்சுக்கிட்டு, அவர எப்படிப் பேச வைக்கணும்னு எழுதச் சொல்லுவோம். போன வாரம் ஒருத்தி எழுதுனது. படிச்சுப் பாருங்க.”

இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘வேறு பெயர் சொல்வார். கையில் காய்கறிப் பை இருக்கும். முதல் பத்து நிமிடம் அவர் சொல்வது எதுவும் உண்மை இல்லை, குறுக்கிட வேண்டாம். டீ கொடுக்கவும், சர்க்கரை கூடாது. பாத்ரூமைப் பற்றிக் கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லவும். பிறகு என்ன பயம் என்று கேட்டால் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அவரிடம் தெரிவிக்க வேண்டியது: எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்த முட்டிக்குத் தைலம் தேய்க்கப்போவது நான்தான்.’

வெங்கடராமன் வாழைப்பூப் பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது தேவைக்கு மேல் நேரம் பிடித்தது.

கோகிலவாணி வாசல்வரை கூடவே வந்தாள்.

“திங்கக்கிழம ஒம்போதரைக்கு மானசாவ அனுப்பி வையுங்க, வெங்கடராமன் சார்.”