முதல் கேள்வி

“ஊரில எவடம், தங்கச்சி?”

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் முகத்தை அசைக்கவில்லை.

“ஊரை விடுங்கோ அண்ணை. மான் சுடுற துவக்கு ஒண்டு காட்டுங்கோ.”

றெமிஜியஸின் முகம் சுருங்கிப்போனது. ஸ்காபரோவின் வடக்கு எல்லையில் இருக்கும் அந்த வேட்டைச் சாமான் கடையில் அவர் பதினொரு வருடமாக நிற்கிறார். தமிழ் முகம் ஒன்று கதவைத் தள்ளினால் முதலில் ஊரைக் கேட்பார். ஊர் தெரிந்தால் கோயில் தெரியும், கோயில் தெரிந்தால் குடும்பம் தெரியும், பிறகு கடை பூட்டும்வரை கதைதான். ஊரைச் சொல்லாத தமிழரை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறார்.

சந்தேகம் தட்டினால் அவர் விற்கமாட்டார். “இல்லை” என்று சொல்வதில் அவரை வெல்ல ஒன்ராறியோ முழுக்கத் தேடினாலும் ஆள் கிடையாது. முந்திரிகைப் பந்தலை நாசமாக்கிய ரக்கூனைப் பழிவாங்க வந்தவரையும், சம்பந்தியோடு ‘ஒருக்கால் கதைக்க’ வேண்டுமென்று கலியாணக் கோட்டோடு வந்தவரையும் தூண்டிலும் புழுவும் வாங்கவைத்து அனுப்பியவர். “இந்த மனுசன் இன்னும் இரண்டு வருடம் நின்றால் நான் மீன்கடைதான் போடவேண்டும்” என்று முதலாளி டக், சுவரில் தொங்கும் மூஸ் மான் தலையிடம் முறையிடுவாராம். மூஸும் தலையாட்டியதாகக் கேள்வி.

“லைசென்ஸ் இருக்கோ?”

“இருக்கு.” அவள் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். “கதைச்சு முடிய எடுத்துத் தாறன்.”

“எந்த மாதிரித் துவக்கு?”

“எதெண்டாலும் பரவாயில்லை.”

“விலை…”

“விலையை ஆர் கேட்டது?”

றெமிஜியஸின் இடது புருவம் ஏறியது. ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு மூன்று பிளாசா ஏறி இறங்குகிற சனம், துவக்குக்கு விலை கேட்கவில்லையா!

“எப்ப வேட்டைக்குப் போறியள்?”

“இந்தக் கிழமை.”

“தங்கச்சி, மான் சீசன் நவம்பரில. இது மார்ச்.”

“தெரியும்.”

“ஆரோட போறியள்?”

“தனிய.”

“தோட்டா எத்தினை பெட்டி?”

“ஒண்டு காணும்.”

“வீட்டில பூட்டி வைக்கப் பெட்டி, பூட்டு?”

“அதெல்லாம் தேவைப்படாது.”

வலது புருவமும் ஏறியது. இரண்டும் சேர்ந்து அவருடைய வழுக்கையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டன.

“மனுசன் எங்கை?”

“போயிட்டார்.”

“எங்கை?”

“சொல்லிப்போட்டுப் போகேல்லை.”

“அவரோட ஏதும் கோபமோ?”

“கோபம்தான் அண்ணை. சரியான கோபம்.”

றெமிஜியஸ் துவக்கு அலுமாரியின் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி, நான் தரமாட்டன்.”

“லைசென்ஸ் இருந்தாத் தரத்தானே வேணும்?”

“ஆர் சொன்னது? வேண்டாமெண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. மார்ச் மாசத்தில மான், தனியப் பயணம், ஒரே ஒரு பெட்டி, பூட்டு வேண்டாம். நீங்கள் மானுக்கு வாங்க வரேல்லை. மனுசனுக்கோ உங்களுக்கோ எண்டதுதான் எனக்குத் தெரியேல்லை. ஆருக்கெண்டாலும் இஞ்சை இருந்து போகாது. அந்தக் கதிரையில இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன். மனசு விட்டுக் கதைக்க ஆக்கள் இருக்கினம், நான் போன் அடிச்சுத் தாறன்.”

அவள் இருக்கவில்லை. “பத்துக் கேள்வியில இவ்வளவும் பிடிச்சிட்டியள்.”

“பதினொரு வருசம் தங்கச்சி!” அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமை பொங்கியது. “நான் கேட்டா ஒருத்தரும் தப்பேலாது.”

“கேட்டா,” என்றாள் அவள். கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்தாள்.

படத்தில் இருந்தது ஓர் ஆணின் முகம். நரைத்த மீசை, இடது கன்னத்தில் மச்சம். றெமிஜியஸின் புருவங்கள் உச்சியிலிருந்து குதித்து இறங்கின. முகம் முழுக்க வெளிச்சம்.

“அட, எங்கட ஊர் றொபேட்! கரம்பொன் றொபேட்! நீங்கள் றொபேட்டின்ர மனுசியோ? முதலே சொல்லக்கூடாதே, பிள்ளை! தை மாசக் கடைசியில வந்தவர். ரெண்டு மணித்தியாலம் நிண்டு கதைச்சனாங்கள். பள்ளிக்கூடம், கோயில் பெருநாள், பந்தடிச்ச கதை… என்ன சாமான் கொண்டுபோனவர் எண்டே எனக்கு ஞாபகமில்லை! எப்பிடி இருக்கிறார்?”

“நேற்று அவற்ற முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை.”

சாவியின் மேலிருந்த கை கீழே விழுந்தது.

அவள் லைசென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பில்லை விரித்து வைத்தாள். துவக்கு ஒன்று, தோட்டா ஒரு பெட்டி. பூட்டு இல்லை. மறுபக்கத்தில் றெமிஜியஸின் கையெழுத்தில் அவருடைய போன் நம்பர், அதற்குக் கீழே: ‘ஊர் ஒன்றுகூடலுக்குக் கட்டாயம் வரவேணும்.’

“அவற்ற ஜக்கெற்றுக்குள்ள இருந்தது. கடையில ஒருத்தருக்குமே விளங்கேல்லையோ, ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ எண்டு முப்பத்தொரு நாளாய் யோசிச்சுக்கொண்டு கிடந்தன்,” என்றாள் அவள். “அதுதான் அண்ணை, நான் இண்டைக்கு ஊரைச் சொல்லேல்லை.”