சின்ன டிஸ்ப்ளே

பக்கவாதத்தில் பேச்சிழந்த மனைவி தில்லையரசிக்காக, பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகக் காட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார் சந்தானம். சொல் தெரியும் எல்சிடி பலகை மட்டும்தான் பாக்கி; எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் விவரம் சொன்னார்.

“சின்னதுல ஒரு வார்த்தைதான் நிக்கும் சார். பெருசுல நாலு வரி எழுதலாம். அவங்க என்னல்லாம் சொல்லுவாங்க?” என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

“தண்ணி, வலி, பாத்ரூம். அவ்வளவுதாம்மா. சின்னதே குடுங்க.”

மறுநாள் கருவியைக் கட்டிலருகே வைத்தார். தில்லையரசி இடக்கையால் அழுத்தினாள். மூன்று சொற்களும் வந்து போயின.

“எது வேணும் அரசி?”

அவள் இல்லையென்று தலையசைத்து மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ‘தண்ணி’ வந்தது. முப்பத்தோரு வருடம் கூடவே இருந்தவருக்கு, அவள் தேடுவது எந்தச் சொல் என்று தெரியவில்லை. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.