கூடுதலாக ஒரு மணி நேரம்

"எம்பொண்ணு கெட்டிக்காரிங்க. எழுத்துங்கதான் அவ கண்ணுல ஒரு இடத்துல நிக்காது. ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தா நுழைவுத் தேர்வை நல்லா எழுதிடுவா."

நான்காவது கல்லூரியிலும் அப்பா அதையேதான் சொன்னார்.

"விதியில அதுக்கு இடமில்லைங்களே," என்றார் கல்லூரி முதல்வரம்மா. "மூணு மணி நேரம்னா மூணுதான். அதுவும் மண்டபத்துக் கடிகாரம் காட்டுறதுதான் கணக்கு. கைக்கடிகாரம் உள்ளே போகக்கூடாது."

சொல்லிவிட்டு விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். 'தந்தையின் தொழில்' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

தேர்வு நாளன்று பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்தார்கள். அதன்பின் காலம் விருந்து சாப்பிட்டவர்போல மெல்ல உலாவியது. வெயில் ஜன்னலை விட்டுப் போக மனமில்லாமல் நின்றது. சில பிள்ளைகள் எழுதி முடித்து, ஒரு தூக்கம் போட்டு, கனவில் வந்த விடையையும் சேர்த்து எழுதினார்கள். மகள் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று முறை படித்தாள். எழுத்துகள் ஆடி அலுத்துப்போய் வரிசையில் உட்கார்ந்தன. அவள் கடைசி விடையை முடித்தபோது சுவரில் மணி ஒன்று. வெளியே, உலகத்துக்கு இரண்டு.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. நேராக முதல்வர் அறைக்குப் போனார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நேத்து மண்டபத்துக் கடிகாரத்தை ரிப்பேர் பண்ணக் கூப்பிட்டீங்கல்ல? நான்தான் அதை மெதுவா ஓடுற மாதிரி வச்சுட்டேன்."

முதல்வரம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லா ஓடிட்டிருந்த கடிகாரத்துக்கு மெக்கானிக் எதுக்குன்னு நேத்தே கேட்டுடுவீங்களோன்னு பயந்துட்டிருந்தேன்," என்றார்.